மதகுப் பலகையில் தொடங்கும் வாத்து வேட்டை

கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ பள்ளத்தாக்கில், கிரிட்லி என்ற சிற்றூருக்குத் தென்மேற்கே இருக்கிறது கிரே லாட்ஜ் வனவிலங்குப் பகுதி. பெயரில்தான் வனம், மரம் குறைவு. கண்ணுக்கெட்டிய தூரம் கரை கட்டிப் பிரித்த ஆழமில்லாத குளங்கள், ஓரமெல்லாம் சம்பும் கோரையும், தொடுவானத்தில் சட்டர் பியூட்ஸ் குன்றுகள். 1931-இல் ஒரு தனியார் வேட்டைக் கிளப்பின் 2,540 ஏக்கரை மாநில அரசு வாங்கியது. அது வளர்ந்து இன்று சுமார் 9,100 ஏக்கர். அலாஸ்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வாத்துகள் குளிர்காலத்துக்கு வந்து இறங்கும் இடம். உரிமமும் அனுமதிச் சீட்டும் உள்ள யாரும் முறைப்படி வேட்டையாடலாம்.

இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் பறவைகள் நமக்கு அந்நியமானவை அல்ல. பள்ளிக்கரணையிலும் கூந்தன்குளத்திலும் தொலைநோக்கியில் பார்க்கும் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் இங்கேயும் உண்டு. கிளுவை, நாமத்தலை வாத்து இரண்டுக்கும் நெருங்கிய உறவினங்கள் உண்டு. ஏரி, மதகு, மடைத் தண்ணீர் என்று பழகியவர்களுக்கு இங்கே நடக்கும் வேலை சட்டென்று பிடிபடும்.

கலிபோர்னியாவின் பழைய ஈரநிலங்களில் 90 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. எஞ்சியவை தானாக நிரம்புவதில்லை. வாய்க்கால் வழியே கொண்டுவந்து, மதகு வைத்துத் தேக்கி, நாள் பார்த்து வடிக்கிறார்கள். நவம்பரில் ஒரு குளத்தில் வாத்து இறங்குமா என்பது ஏப்ரலில் அதை எப்படி வடித்தார்கள் என்பதில் பாதி முடிவாகிவிடுகிறது. துப்பாக்கி கடைசியில் வருகிற சாமான். தண்ணீர்க் கணக்குப் புரியாத வேட்டைக்காரர் நல்ல குளத்தைத் தாண்டிப்போய் மோசமான குளத்தில் நாள் முழுக்க நிற்பார்.

கணக்கு இப்படி. 40 ஏக்கர் குளத்தில் 8 அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டுமானால் சுமார் 27 ஏக்கர்-அடி தேவை (ஒரு ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் தண்ணீர்தான் ஓர் ஏக்கர்-அடி). விநாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் கிட்டத்தட்ட 2 ஏக்கர்-அடி சேரும். ஆக 3 கன அடி வரத்து இருந்தால் நாலரை நாள். காகிதத்தில் அவ்வளவுதான். கோடையில் வெடித்துக் கிடக்கும் களிமண் முதலில் தன் வயிற்றை நிரப்பிக்கொள்ளும். வெயில் வேறு குடிக்கும், ஜூலையில் நாளொன்றுக்குக் கால் அங்குலத்தை ஒட்டி. அதனால் ஒன்றரை மடங்குக்குக் குறைந்து திட்டமிடுகிறவர் பாதிக் குளத்தோடு வேட்டைப் பருவத்தைத் திறப்பார். 1992-இல் வந்த மத்திய பள்ளத்தாக்குத் திட்டச் சீர்திருத்தச் சட்டம் இந்த ஈரநிலங்களுக்குத் தண்ணீர்ப் பங்கை உறுதிசெய்தது. வறட்சி ஆண்டுகளில் அந்தப் பங்கும் சுருங்கும்.

மதகு என்பது காங்கிரீட் பெட்டி. இரு பக்கமும் காடி இருக்கும், அதில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்க வேண்டும். மேல் பலகையின் விளிம்புதான் குளத்தின் நீர்மட்டம். ‘டூ பை சிக்ஸ்’ என்று கடையில் விற்கும் பலகையின் உண்மை அகலம் ஐந்தரை அங்குலம். நான்கு பலகைக்கு 24 அங்குலம் என்று போட்டால் கிடைப்பது 22. எட்டு அங்குலத் தண்ணீரில் இரண்டு அங்குலம் என்பது கால்வாசி. குளத்தின் மேட்டுப் பக்கத்தில் அவ்வளவு நிலம் காய்ந்துவிடும். மட்டத்தை நுணுக்கமாகச் சரிசெய்ய மேலே ‘டூ பை ஃபோர்’ வைக்கிறார்கள், அது மூன்றரை அங்குலம். இரண்டு அளவையும் மாற்றி மாற்றிப் போட்டால் வேண்டிய மட்டத்துக்குக் கிட்டே வந்துவிடலாம்.

காய்ந்த பலகை முதல் நாள் ஒழுகத்தான் செய்யும். ஊறி உப்பினால் தானாக அடைபடும். அதற்குள் பதறிப்போய்க் கந்தலைத் திணிப்பவர்கள், பிறகு பலகையை எடுக்க முடியாமல் தவிப்பார்கள். நிரந்தரமாக ஒழுகாமல் இருக்க வேண்டுமானால் இரட்டைக் காடி மதகில் இரண்டு வரிசைப் பலகைக்கு நடுவே மண் கொட்டி மிதிக்க வேண்டும். பலகையை எடுப்பது கொக்கியால்தான், கையால் அல்ல. பின்னால் இரண்டடித் தண்ணீர் அழுத்தும்போது பலகை ஒரு பக்கம் மட்டும் எழும்பிக் காடியில் கோணலாகச் சிக்கிக்கொள்ளும். இரு முனையையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக எழுப்ப வேண்டும். தண்ணீர் பாய்கிற பக்கம் இறங்கி நின்றுகொண்டு இந்த வேலை கூடவே கூடாது.

அளவுகோல் நடும் இடத்திலும் ஒரு பிசகு நடக்கும். மதகு குளத்திலேயே பள்ளமான இடம். அங்கே நட்ட கோல் 16 அங்குலம் காட்டும்போது குளத்தின் பெரும்பகுதியில் ஆறு அங்குலம்கூட இருக்காது. கோலின் பூஜ்யம் குளத்தரையின் சராசரி மட்டத்தில் இருக்க வேண்டும். மேய்ச்சல் வாத்துகள் தலைகீழாகக் கவிழ்ந்து தரையிலிருந்து விதை பொறுக்குபவை. நாலிலிருந்து பத்து அங்குலம் அவற்றுக்கு உகந்தது, அதிலும் கிளுவைக்குக் குறைந்த பக்கம்தான் பிடிக்கும். ஆழம் ஒன்றரை அடிக்கு மேல் போனால் தண்ணீருக்கடியில் எவ்வளவு விதை கிடந்தாலும் எட்டாத சோறு.

அந்த விதை எங்கிருந்து வருகிறது? யாரும் விதைப்பதில்லை. மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் விதைகளில் எது முளைக்க வேண்டும் என்பதை, தண்ணீரை வடிக்கும் நாள் முடிவுசெய்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் வடித்தால் ஸ்மார்ட்வீட் தலைதூக்கும், நம் ஆற்றலரியின் குடும்பம். ஏப்ரலில் வடித்தால் ஸ்வாம்ப் டிமொதி என்ற குட்டைப் புல் பாய்போலப் படரும். அதன் விதை தூள் மாதிரி, ஊசிவாலும் கிளுவையும் அதற்கு உயிரை விடும். மே மாதம் வரை தண்ணீரைத் தேக்கிவைத்து வடித்தால் வாட்டர்கிராஸ் வரும். அது நம் குதிரைவாலிக்கு ஒன்றுவிட்ட தங்கை. நெல் வயலில் களையாகப் பிடுங்கி எறிகிற அதே புல்லை இங்கே தண்ணீர் பாய்ச்சி வளர்க்கிறார்கள் என்றால் தஞ்சாவூர் விவசாயி சிரிப்பார். மல்லார்ட் வாத்துக்கு அது விருந்து.

வடிப்பதை இரண்டு மூன்று வாரத்துக்கு இழுத்து மெதுவாகச் செய்வது நல்லது. தண்ணீர் சுருங்கச் சுருங்க புழுபூச்சி ஓரத்தில் செறிவாகும், வடக்கே திரும்பும் உள்ளான்கள் அதைத் தின்று கொழுக்கும். இரண்டே நாளில் திறந்துவிட்டால் இந்தத் தீனி வீண். மேல்மண் ஒரே வெயிலில் இறுகிவிடுவதால் முளைப்பும் மோசமாகும்.

பிறகு கோடைப் பாசனம். ஸ்வாம்ப் டிமொதிக்கு மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் ஒரு தண்ணீர் போதும், விதை பெருகும். அதைத் தாண்டி ஊற்றினால் வாட்டர்கிராஸ் ஏறி அதை மூடிவிடும். வாட்டர்கிராஸுக்கு ஜூனிலும் ஜூலையிலுமாக ஒன்று முதல் மூன்று தண்ணீர். எதுவானாலும் சடுதியில் பாய்ச்சிச் சடுதியில் வடிக்க வேண்டும். வெயில் காலத்தில் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு ஒரு வாரம்கூட எடுப்பதில்லை. தண்ணீர் நின்றால் மாவட்டக் கொசு ஒழிப்பு ஆட்கள் வருவார்கள், பில்லும் வரும். வெஸ்ட் நைல் காய்ச்சல் பரவும் பகுதி இது. யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

தவறிப்போனால் வருவது மருளூமத்தை. கரட்டு முள்காயோடு, வாத்து சீண்டாத செடி. கிளறிய மண்ணில், தாமதமாக வடித்த குளத்தில் சட்டென்று பிடித்துக்கொள்ளும். நாற்று நான்கு விரல் உயரத்தில் இருக்கும்போதே அதை மூழ்கடித்து ஒன்றிரண்டு நாள் நிறுத்தினால் அழுகும். உயர விட்டுவிட்டால் காய் முற்றுவதற்குள் வெட்டுவதுதான் வழி. ஒரு வருடம் காய்க்க விட்டால் பல வருடத்துக்குத் தலைவலி.

சம்பும் டூலிக் கோரையும் வேறு வகைத் தொல்லை. இவை வேண்டும், ஆனால் அளவாக. பாதித் தண்ணீர், பாதிப் புதர் என்பதுதான் பறவை விரும்பும் கலவை. விட்டால் நாலைந்து வருடத்தில் குளம் முழுவதும் ஒரே சம்புக் காடாகிவிடும். சட்டிக் கலப்பை ஓட்டுகிறார்கள். அங்கேதான் பெரும்பாலானோர் கோட்டைவிடுவது. ஈரத்தில் ஒருமுறை ஓட்டினால் கிழங்கு துண்டு துண்டாகி, ஒவ்வொரு துண்டும் முளைக்கும். ஒன்றை வெட்டி நூறாக நட்ட கதை. குளம் கோடையில் நன்றாகக் காய்ந்த பிறகு குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மூன்று முறை ஓட்டி, புரண்ட கிழங்கை வெயிலில் வதங்க விட வேண்டும். கலப்பை போகிற தடத்தை நேர்கோடாக வைக்காமல் வளைத்து வளைத்துத் திறப்புகள் உண்டாக்கினால் வாத்துக்கும் நல்லது, மறைந்து நிற்பவருக்கும் நல்லது.

கரை வேலைக்கு நாள் குறிப்பதில் ஒரு பாம்பு குறுக்கே வரும். ஜயன்ட் கார்ட்டர் பாம்பு, 1993 முதல் கூட்டாட்சி அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பது. குளிர்காலத்தில் கரை வளைகளில் உறங்கும். அதனால் மண்வேலையை மே தொடக்கம் முதல் அக்டோபர் தொடக்கத்துக்குள் முடித்துவிடுவது வழக்கம், அப்போதுதான் பாம்பு விழித்திருந்து விலகிப் போக முடியும். மேட்டுப் புல்லை வெட்டுவதிலோ நேர்மாறாக, வசந்தத்தில் மல்லார்ட் அடைகாக்கும் நேரத்தில் இயந்திரத்தை இறக்கக்கூடாது. ஜூலை வரை பொறுத்தாக வேண்டும்.

ஆகஸ்ட், செப்டம்பரில் பயப்பட வேண்டியது பாட்டுலிசம் என்ற நஞ்சு நோய்க்கு. சி வகை கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் கிருமி மண்ணிலேயே கிடப்பது. வெயிலும் அழுகலும் சேர்ந்தால் நஞ்சு பிடிக்கும். செத்த வாத்தில் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். புழுவுக்கு அந்த நஞ்சு ஒன்றும் செய்யாது, அதைத் தின்னும் வாத்துக்குச் சில புழுவே போதும். ஒரு பிணம் பல பிணமாகும். நோய் கண்ட பறவைக்கு முதலில் சிறகும் காலும் செயலிழந்து, பிறகு கழுத்து துவண்டு தலை தண்ணீரில் சாயும். மருந்தைவிட வேகமான வழி, படகில் தினமும் சுற்றிப் பிணங்களைப் பொறுக்குவது. அந்த மாதங்களில் மட்டத்தைத் திடீரென ஏற்றி இறக்கவும் கூடாது. புதிதாக மூழ்கும் நிலத்தில் பூச்சிகள் மொத்தமாகச் சாகும், கிருமிக்கு அதுவே படையல்.

செப்டம்பர் தொடங்கி அக்டோபர் வரை குளங்களை ஒவ்வொன்றாக நிரப்புகிறார்கள். அத்தனையையும் ஒரே வாரத்தில் திறந்தால் விதை எல்லாம் நவம்பருக்குள் தீர்ந்துவிடும். சில குளங்களைத் தாமதமாக நிரப்பினால் ஜனவரியில் அங்கே புதுச் சாப்பாடு. வேட்டைக்காரர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதும் இதுதான். எந்தக் குளம் எப்போது நிரம்பியது, என்ன புல் வந்தது என்று பணியாளர்களிடம் கேட்டால் வரைபடத்தை விரித்துக் காட்டுவார்கள். ‘வாத்து எங்கே இருக்கிறது?’ என்று மட்டும் கேட்பவருக்கு ஒரு புன்னகை கிடைக்கும்.

இனி வேட்டை நாள். பருவம் அக்டோபர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி கடைசி வரை. ஆனால் வாரத்தில் புதன், சனி, ஞாயிறு மட்டும்தான் அனுமதி. ஒரு பகுதி யாரும் நுழையாத ஓய்விடமாக எப்போதும் மூடியே இருக்கும். இந்த இரண்டு விதியையும் குறைசொல்பவர்கள் உண்டு. நான்கு நாள் நிம்மதியும் ஒரு மூடிய குளமும் இல்லையென்றால் முதல் வாரத்திலேயே பறவை வேறிடம் பார்த்துக்கொள்ளும். குறை சொல்பவர்களுக்கும் அது தெரியும்.

நுழைவு குலுக்கலில். முன்கூட்டி விண்ணப்பித்து எண் வாங்கியவர்கள் முதலில், பிறகு முதல் நாள் இரவுக் குலுக்கலில் இடம் பிடித்தவர்கள், கடைசியாக வரிசையில் காத்திருப்பவர்கள். இந்த வரிசைக்கு ‘ஸ்வெட் லைன்’ என்று பெயர், பொருத்தமான பெயர்தான். கையில் இருக்க வேண்டியவை: வேட்டை உரிமம், மாநில வாத்து முத்திரை, இடம்பெயர் பறவைகளுக்கான எச்.ஐ.பி. பதிவு, அந்தப் பகுதிக்கான சீட்டு. 16 வயது நிறைந்தவர்களுக்குக் கூட்டாட்சி அரசின் டக் ஸ்டாம்ப்பும் வேண்டும். 1934-இல் தொடங்கிய இந்த ஸ்டாம்ப் இப்போது 25 டாலர், அதில் டாலருக்கு 98 சென்ட் ஈரநிலம் வாங்கப் போகிறது. தோட்டா விலையிலும் 1937 சட்டப்படி 11 சதவீத வரி உண்டு, அது மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்கு.

தோட்டா 25-க்கு மேல் குளத்துக்குள் கொண்டுபோகக்கூடாது. துப்பாக்கியில் மூன்றுக்கு மேல் நிரம்பாதபடி அடைப்பு இருக்க வேண்டும். ஈயக் குண்டு நீர்ப்பறவை வேட்டையில் நாடு முழுக்க 1991 முதல் தடை, கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து எல்லா வேட்டைக்கும் தடை. ஸ்டீல் குண்டு ஈயத்தைவிட லேசு, வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். ஈயத்தில் பயன்படுத்தியதைவிட இரண்டு அளவு பெரிய குண்டாக எடுக்க வேண்டும் (எண் சிறிதானால் குண்டு பெரிது). வாத்துக்கு 2, 3, 4 எண் குண்டுகள், மாடிஃபைட் அல்லது இம்ப்ரூவ்டு சிலிண்டர் சோக் (குழல் வாயைக் குறுக்கும் அளவு). 35 கஜத்துக்கு மேல் சுடுவது பறவையைக் காயப்படுத்தி அனுப்புவதற்குச் சமம். பறவையை ஈர்க்க மிதக்கவிடும் பொம்மை வாத்துகளில் கடைசியானதை 25 எட்டு நடைத் தூரத்தில் வைத்துவிட்டால், அதைத் தாண்டி வெகுதூரத்தில் போவதைச் சுட வேண்டாம் என்று கண்ணே சொல்லிவிடும். உயரத்தில் போகும் கூட்டத்தைப் பார்த்து டமால் டமால் என்று காலி செய்பவர் தன் நாளோடு பக்கத்துக் குளத்துக்காரர் நாளையும் கெடுக்கிறார்.

பொம்மை வாத்து ஒன்றரை டஜன் போதும், இருட்டில் முதுகில் சுமந்து ஒரு மைல் நடக்க வேண்டியிருக்கும். பேட்டரியில் சிறகு சுழலும் பொம்மைக்கு நவம்பர் 30 வரை தடை. காற்று முதுகில் படும்படி நின்று, பொம்மைகளுக்கு நடுவே ஒரு திறப்பு விட வேண்டும். வாத்து காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், நேர் முகத்துக்கு வரும். நெஞ்சு வரை வரும் ரப்பர் கால்சட்டைக்குப் பெயர் வேடர்ஸ். நம் காதுக்குக் கண்ணப்ப நாயனார் நினைவுக்கு வருவார். அதன் மேல் இடுப்பில் பெல்ட்டை இறுக்காமல் இறங்கக்கூடாது, விழுந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பும். ஒரு ஊன்றுகோலும் வேண்டும், கலப்பை போன தடத்தில் தரை திடீரென்று ஓரடி இறங்கும்.

இடம் தேர்வுக்குச் சுலபமான அளவுகோல் சொந்தக் கால். தண்ணீர் கணுக்காலுக்கு மேல், முழங்காலுக்குக் கீழ் இருந்தால் நில். முழங்காலைத் தாண்டினால் மேலே நட. பிறகு விதையைப் பார்க்க வேண்டும். ஒரு கைப்பிடி சேற்றை அள்ளி டார்ச்சில் விரித்தால் உமி தெரியும், அல்லது தெரியாது. மிதக்கும் இறகும் கலங்கிய தண்ணீரும் நேற்றைய விருந்தின் மிச்சம்.

பறவையின் நேர அட்டவணையும் முக்கியம். நெல் வைக்கோலை எரிப்பதை 1991 சட்டம் கட்டுப்படுத்தியதால், அறுவடை முடிந்த வயல்களில் விவசாயிகள் குளிர்காலத்தில் தண்ணீர் கட்டுகிறார்கள். வாத்துகள் இரவில் அங்கே மேய்ந்து, விடியும்போது ஓய்விடக் குளங்களுக்குத் திரும்பும். அந்தத் திரும்புவழிதான் காலை வேட்டை. மாலையில் எதிர்ப்பக்கம். வடகாற்று அடிக்கும் நாளில் வாத்துகள் நண்பகலிலும் அலையும். டூலி மூடுபனி என்ற இந்தப் பள்ளத்தாக்கின் அடர்பனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. திசைகாட்டி இல்லாமல் உள்ளே போகக்கூடாது, தெரியாத உருவத்தை நோக்கிக் குழலைத் திருப்பவே கூடாது.

சுடும் நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பே தொடங்கும். அந்த மங்கலில்தான் தவறு நடக்கும். தொடவே கூடாத வெண்முக அரிவாள்மூக்கன் கூட்டம் அப்போதுதான் பறக்கும், நீண்ட வளைந்த அலகைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளையாகப் போவதெல்லாம் பனிக்கூஸ் (ஸ்னோ கூஸ் என்ற வெள்ளைப் பெருவாத்து) அல்ல. கூஸுக்குச் சிறகு நுனி கறுப்பு, நுனி வரை வெள்ளையென்றால் அன்னம். நாளுக்கு மொத்தம் ஏழு வாத்து, அதில் மல்லார்ட் பெட்டை இரண்டைத் தாண்டக்கூடாது. ஊசிவாலின் எண்ணிக்கை அடிக்கடி மாறும், அந்த வருடத்துக் கையேட்டைப் பார்த்தாக வேண்டும். பெட்டைகள் எல்லாம் தவிட்டு நிறம்தான். மல்லார்ட் பெட்டையின் சிறகில் இருபக்கமும் வெள்ளைக் கோடிட்ட நீலப்பட்டை, அலகு ஆரஞ்சும் கறுப்பும். ஊசிவால் பெட்டைக்குச் சாம்பல் அலகு, நீண்ட மெல்லிய கழுத்து. கருவால் வாத்துக்குச் சிறகில் வெள்ளைக் கட்டம்.

விழுந்த பறவையை விட்டுவிட்டு அடுத்ததைச் சுடக்கூடாது. விழுந்த இடத்துக்குப் பின்னால் தெரியும் மரத்தையோ கம்பத்தையோ குறிவைத்து, கண்ணை எடுக்காமல் நேர்கோட்டில் நடக்க வேண்டும். சம்புக்குள் விழுந்தால் நாய் இல்லாதவருக்குப் பாதி நேரம் கிடைக்காது. அதனால் சம்புச் சுவருக்கு மேலே போவதைச் சுடாமல், திறந்த தண்ணீருக்கு வரும்வரை பொறுப்பதே மேல்.

சோதனைச் சாவடியில் பறவைகளைக் காட்டி, எண்ணிக்கை பதிந்துவிட்டு வர வேண்டும். அடுத்த வாரம் எந்தக் குளம் ஓடுகிறது என்று எல்லோரும் பார்ப்பது அந்தப் பதிவைத்தான். வீடு சேரும்வரை தலையோ இறகு முழுதாக உள்ள ஒரு சிறகோ உடலில் இருந்தாக வேண்டும். வீட்டில் சுத்தம் செய்யும்போது கழுத்துக் குழாயைத் தூக்கி எறியாமல் கீறி, ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்க்கலாம். நெல்மணி இருந்தால் பறவை இரவெல்லாம் வயலில் இருந்திருக்கிறது, அடுத்த முறை திரும்புவழியில் நிற்கலாம். குதிரைவாலி மாதிரி உருண்டை விதை என்றால் மே மாதம் வடித்த குளம். பழுப்பு நிறத் தூள் போலக் கொட்டினால் ஸ்வாம்ப் டிமொதி, ஏப்ரலில் வடித்த குளம். வரைபடத்தில் அதைத் தேடி, நாலு அங்குலத் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்துவைத்தால் புதன்கிழமைக்கு இடம் ரெடி.